படம் பார்த்துத் திரைக்கதை பழகுவது: திருகோணமலையில் எழுதுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருகோணமலையிலும் கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், நிலாவெளிப் பக்கங்களிலும் குறும்படத்துக்கோ முழுநீளப் படத்துக்கோ எழுதிப் பழகுபவர்களுக்கான பக்கம் இது. ஒரு கொப்பி, ஒரு பேனை, படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்க ஒரு கணினி அல்லது போன் இருந்தால் இதில் சொல்லியிருப்பதெல்லாம் செய்யலாம்.

கிழமைக்கு நாலு படம் பார்க்கிறேன். இருந்தும் எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வருவதில்லை. ஏன்?

ரசித்துப் பார்க்கும்போது மனம் கதையோடு போய்விடுகிறது. நல்ல திரைக்கதை தன் வேலையை வெளியே காட்டாது. அழுத இடம் நினைவில் நிற்கும். அந்த அழுகைக்காக இருபது நிமிடத்துக்கு முன்னமே போட்டு வைத்த சின்ன விடயம் நினைவில் நிற்காது. எழுதுபவருக்கு வேண்டியதோ அந்தச் சின்ன விடயம்தான்: அதை எங்கே வைத்தார்கள், எப்படி மறைத்தார்கள், எப்போது திரும்ப எடுத்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும் படத்தில் இதைப் பிடிக்க முடியாது. நாலு படத்தை ஒருதரம் பார்க்கிற நேரத்தில் ஒரு படத்தை நாலுதரம் பாருங்கள்.

நாலுதரமும் ஒரே மாதிரியா பார்ப்பது?

இல்லை, ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வேலை உண்டு.

முதல் தடவை நிறுத்தாமல், குறிப்பெடுக்காமல், போனைத் தள்ளி வைத்துவிட்டுப் பாருங்கள். முடிந்த கையோடு மூன்றை மட்டும் எழுதுங்கள்: எங்கே மனம் ஒட்டியது, எங்கே சலித்தது, எதை முன்கூட்டியே ஊகித்தீர்கள். அன்றிரவே எழுதிவிட வேண்டும். அடுத்த நாள் கூட்டாளிகளோடு கதைத்த பிறகு எது உங்கள் உணர்வு, எது அவர்கள் சொன்னது என்று பிரிக்க முடியாமல் போய்விடும்.

இரண்டாம் தடவை, ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி எழுதும் காட்சிப் பட்டியலுக்கு. இரண்டு மணிநேரப் படத்துக்கு ஐந்து, ஆறு மணிநேரம் எடுக்கும். ஒரே இருப்பில் முடிக்கப் பார்ப்பவர்கள் கடைசி அரை மணிநேரத்தை அவசரமாகக் கீறித் தள்ளிவிடுகிறார்கள். முடிச்சு அவிழ்வது அங்கேதான், அதனால் பட்டியலில் கெட்டுப்போவதும் அந்த இடம்தான். நாளுக்கு முப்பது, நாற்பது நிமிடப் படம் போதும்.

மூன்றாம் தடவை ஒலியை முழுதாக நிறுத்திவிட்டுப் பாருங்கள். வசனமே இல்லாமல் விளங்கிய காட்சிகளுக்குப் பட்டியலில் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி கூடிய படம் கண்ணுக்காக எழுதப்பட்ட படம். நாலாம் தடவை இதற்கு மறுபக்கம்: திரையைப் பாராமல் ஒலியை மட்டும் கேளுங்கள். முழுப்படம் தேவையில்லை, இருபது நிமிடம் காணும்.

கணினியில் படம் ஓட்டும் வீஎல்சி மென்பொருள் இருந்தால் வேலை சுகம். ஷிஃப்ட்டோடு இடது அம்பை அழுத்தினால் 3 வினாடி பின்னே போகும், ஆல்ட்டோடு 10 வினாடி, கன்ட்ரோலோடு ஒரு நிமிடம். ‘ஈ’ விசை ஒவ்வொரு பிரேமாக நகர்த்தும். டைம் என்ற சொல்லின் முதலெழுத்தான ‘டி’ விசை, ஓடிய நேரத்தைத் திரையில் காட்டும்.

காட்சிப் பட்டியலில் என்ன எழுத வேண்டும்?

இடமோ நேரமோ மாறினால் புதுக் காட்சி. இரண்டு பக்கமும் மாறி மாறிக் காட்டும் போன் உரையாடலை ஒரு காட்சியாகவே எடுங்கள். பாட்டும் ஒரு வரி. பலர் பாட்டைத் தாண்டி ஓட்டிவிடுகிறார்கள். தமிழ்ப் படத்தில் கல்யாணம் முடிவதும், மாதங்கள் கழிவதும், காசு சேர்வதும் பெரும்பாலும் பாட்டுக்குள்தான். அதை விட்டால் பட்டியலில் ஓட்டை விழும்.

ஒவ்வொரு வரியிலும் தொடங்கும் நேரம், இடம், பகலா இரவா, யார் யார் என்பன இருக்கட்டும். அதற்குப் பிறகு வரும் நாலும்தான் உயிர்: யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, முடிவில் என்ன மாறியது, நமக்குப் புதிதாக என்ன தெரிந்தது.

அநேகமாக எல்லாரும் விடும் பிழை, கதையைச் சுருக்கி எழுதுவது. “ரவி அண்ணனின் கடைக்குப் போகிறான், வாக்குவாதம்” என்ற வரியால் ஒரு பயனும் இல்லை. “ரவி கடன் கேட்க வந்தான், அண்ணன் அம்மாவின் மருந்துச் செலவைச் சொல்லி வாயை அடைத்தான், கேட்காமலே திரும்பினான், அண்ணனிடமும் காசில்லை என்று நமக்குத் தெரிந்தது.” இப்படி எழுதினால் அந்தக் காட்சியை யார் வேண்டுமானாலும் திரும்பக் கட்டலாம்.

பட்டியல் முடிந்ததும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு நிறப் பென்சில் எடுத்துக் கோடிடுங்கள். எந்தப் பாத்திரம் நாற்பது நிமிடம் காணாமல் போகிறது, முடிவை நெருங்கும்போது காட்சிகள் எவ்வளவு குறுகுகின்றன என்பதெல்லாம் ஒரு பார்வையில் தெரியும்.

ஒரு காட்சி சரியாக அமைந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தூக்கிப் பாருங்கள். அந்தக் காட்சி இல்லாமலே அடுத்தது விளங்கினால் அது அங்கே தேவையில்லை. இன்னும் கிட்ட நின்று பார்க்க ஓர் உதாரணம்.

உப்புவெளிக் கரை, காலை. கரைவலை இழுத்து முடிந்துவிட்டது. வலை இழுக்கும் செல்வனுக்கு, வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் ஐயாயிரம் ரூபா வேண்டும். தங்கச்சி இன்றிரவு ரயிலில் கொழும்புக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போகிறாள். பழகுபவர்கள் முதலில் எழுதுவது இப்படி இருக்கும்:

செல்வன்: முதலாளி, அவசரமா அஞ்சாயிரம் வேணும். தங்கச்சிக்குக் கொழும்பில இன்டர்வியூ.
சம்மாட்டி: போன மாசம் வாங்கினதே இன்னும் தரேல்ல. இல்லையடா.

கேள்வி, பதில், முடிந்தது. இருவரும் மனதில் உள்ளதை அப்படியே சொல்லிவிட்டார்கள், பார்ப்பவருக்கு வேலையே இல்லை. இன்னொரு விதமாக:

மற்றவர்கள் பங்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். செல்வன் ஒருவரும் சொல்லாமலே கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருக்கிறான்.
சம்மாட்டி: பங்கு எடுத்தாச்சுத்தானே, இன்னும் என்ன நிக்கிறாய்?
செல்வன்: சும்மா… கயிறு நனைஞ்சு கிடக்கு, எடுத்து வைப்பம் எண்டு.
சம்மாட்டி: தங்கச்சி எப்ப வெளிக்கிடுறா?
செல்வன்: இரவு ரெயின்ல.
சம்மாட்டி தன் கூடைக்குள் கைவிட்டு இரண்டு பெரிய பாரையை எடுத்துப் பையில் போட்டு நீட்டுகிறார்.
சம்மாட்டி: கொண்டு போய் வீட்டில குடு. போற பிள்ளை வடிவாச் சாப்பிட்டிட்டுப் போகட்டும்.
செல்வன் வாங்கிக்கொள்கிறான். கயிறு பாதியில் கிடக்கிறது.

மீனை வாங்கிய கையால் இனிக் காசு கேட்க முடியாது. சம்மாட்டி தெரிந்துதான் செய்தாரா, மனமார்ந்து கொடுத்தாரா என்ற கேள்வி அடுத்த காட்சிக்கும் நம்மோடு வரும். பட்டியலில் இதன் வரி: “காசு கேட்க நின்றான், அன்பு தடுத்தது, கேட்கும் வழி அடைபட்டது, தங்கச்சியின் பயணம் ஊருக்கே தெரியும் என்று நமக்குத் தெரிந்தது.” நீங்கள் பார்க்கும் படங்களில், வந்த காரியத்தை வாய்விட்டுச் சொல்லாமலே முடியும் காட்சிகளைத் தனியாக ஒரு பக்கத்தில் சேர்த்து வையுங்கள். பத்துச் சேர்ந்தால் அந்தப் பக்கமே உங்களுக்குப் பாடப்புத்தகம்.

எந்தப் படத்தில் தொடங்கலாம்?

எஸ். பாலச்சந்தர் இயக்கத்தில் ஏவிஎம் தயாரித்து 1954இல் வந்த ‘அந்த நாள்’ நல்ல தொடக்கம். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. ஆகவே கட்டமைப்பு மறைவில்லாமல் தெரியும். தொடக்கத்திலேயே துப்பாக்கி வெடித்து ராஜன் என்ற வானொலிப் பொறியியலாளர் இறந்துபோகிறார். பிறகு அவரைச் சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, இறந்தவரையும் சொல்பவரையும் சேர்த்தே அறிகிறோம். ஒவ்வொரு முன்கதையையும் பார்த்து முடித்ததும் இரண்டு வரி எழுதுங்கள்: ராஜனைப் பற்றிப் புதிதாக என்ன தெரிந்தது, சொல்பவர் மேல் ஏன் சந்தேகம் வருகிறது.

கதை நடப்பது 1943 ஒக்டோபரில், சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த நேரத்தில். திருகோணமலையில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியது 1942 ஏப்ரல் 9 அன்று. அந்தப் பயத்தைப் பற்றி மூத்தவர்கள் சொல்லக் கேட்ட வீடுகள் இங்கே உண்டு. வெளியே நடக்கும் போர் ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைகிறது என்று கவனிக்க நமக்கு இன்னுமொரு காரணம் அது.

இரண்டாவதாக, உங்களுக்கு மிகப் பிடித்த அண்மைக்காலப் படம் ஒன்று. மூன்றாவதாக, சரிவரவில்லை என்று நினைத்த படம். இதைத் தவிர்க்காதீர்கள். “என்ன மாறியது” என்ற இடம் தொடர்ந்து மூன்று வரி வெறுமையாக இருந்தால், சலிப்பு தொடங்கியது அங்கேதான். முதல் தடவை எழுதிய குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள், அநேகமாக ஒத்துப்போகும்.

படத்தைப் பார்த்து அதன் திரைக்கதைப் பிரதியை நாமே எழுதிப் பார்ப்பதில் பயன் உண்டா?

மிகுந்த பயன். ஆனால் மூன்று நிமிடத்துக்கு மேல் எடுக்காதீர்கள். காட்சியை இரண்டு தடவை பாருங்கள், மூடிவிடுங்கள், நினைவிலிருந்து பிரதியாக எழுதுங்கள். பிறகு திறந்து ஒப்பிடுங்கள். உங்கள் பிரதியில் வசனம் கூடியிருக்கும், பார்வையும் அமைதியும் விடுபட்டிருக்கும். அந்த வித்தியாசம்தான் அன்றைய பாடம்.

கமரா அசைவுகளை எழுதிக் குவிக்க வேண்டாம். “குளோஸ் அப்” என்று எழுதுவதற்குப் பதிலாக “அவளுடைய விரல் மோதிரத்தைத் திருகிக்கொண்டே இருக்கிறது” என்று எழுதினால் ஷொட் தானாகவே வந்துவிடும்.

இணையத்தில் கிடைக்கும் பிரதிகளில் ஓர் எச்சரிக்கை உண்டு. சிலது எழுத்தாளர் எழுதியதல்ல, படம் பார்த்த யாரோ கேட்டெழுதிய வசனம். இடம், நேரம் சொல்லும் காட்சித் தலைப்பும், நடப்பதைச் சொல்லும் செயல் வரிகளும் இல்லாமல் வசனம் மட்டும் நீண்டு கிடந்தால் பெரும்பாலும் அப்படியானதுதான். வசன அளவை அறிய அது உதவும், எழுத்தமைப்பைப் படிக்க உதவாது.

எழுதும் வசனமெல்லாம் சென்னைத் தமிழாகவே வருகிறது. என்ன செய்யலாம்?

இங்கே எழுதுபவர்களுக்கு இதைவிடப் பெரிய சிக்கல் இல்லை. காது முழுக்க இந்தியப் படங்கள், ஆகவே கை அதைத்தான் எழுதும். பாத்திரம் டச்சுக் குடாவில் நிற்கும், வாய் கோடம்பாக்கத்தில் நிற்கும்.

சொற்களை மாற்றுவது முதல் படி: “பேசுறேன்” என்பது “கதைக்கிறன்”, “இன்னைக்கு” என்பது “இண்டைக்கு”, “வந்துட்டேன்” என்பது “வந்திட்டன்”, “பையன்” என்பது “பொடியன்”. இதோடு நிறுத்தினால் உடுப்பு மாற்றிய சென்னைக்காரர்தான் கதைப்பார். நம் சனம் எப்படி மறுக்கிறது, எப்படி உதவி கேட்கிறது, கோபத்தை எங்கே அடக்குகிறது என்பதைக் கேளுங்கள். “முடியாது” என்று நேரே சொல்பவர்கள் குறைவு. “பாப்பம்” என்பார்கள். அந்தப் “பாப்பம்” எந்தத் தொனியில் “ஆம்”, எந்தத் தொனியில் “இல்லை” என்று தெரிந்தவர்தான் இந்த ஊர் வசனம் எழுதலாம்.

பஸ் நிலையம், மீன் சந்தை, ஆஸ்பத்திரி வரிசை எல்லாம் நல்ல பள்ளிகள். நாளுக்கு ஐந்து வரி, கேட்டபடியே எழுதி வையுங்கள். மற்றவர்களின் கதையை அவர்களுக்குத் தெரியாமல் போனில் பதிவு செய்ய வேண்டாம், அது சரியில்லை.

ஊருக்குள்ளேயே பேச்சு மாறும் என்பதையும் மறக்காதீர்கள். கிண்ணியா, மூதூர் முஸ்லிம் வீட்டில் வாப்பா, உம்மா, காக்கா. தமிழ் வீட்டில் அப்பா, அம்மா, அண்ணா. அலுவலகத்தில் அதிகாரியிடம் சிங்களத்தில் கதைத்துவிட்டு, பக்கத்தில் நிற்பவரிடம் தமிழுக்குத் திரும்பும் ஒருவருடைய உடம்பே மாறும். அது வசனத்தைவிடப் பெரிய தகவல். பிரதியில் சிங்கள வரியைத் தமிழ் எழுத்தில் எழுதி, பொருளை அடுத்த செயல் வரியில் கொடுங்கள்.

பேச்சுத் தமிழுக்கு ஒரு எழுத்துமுறையைத் தெரிவுசெய்து, பிரதி முழுவதும் அதையே பின்பற்றுங்கள். ஒரு பக்கத்தில் “எண்டு”, இன்னொரு பக்கத்தில் “என்டு” என்றிருந்தால் நடிகர் தடக்குவார். செயல் வரிகள் எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும்.

தொலைக்காட்சித் தொடர் பார்ப்பது எழுத்தைக் கெடுக்குமா?

எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் பார்த்தால் கெடுக்கும். நாள்தோறும் வரும் தொடரை வீட்டில் சமைத்துக்கொண்டும் துணி மடித்துக்கொண்டும் பார்க்கிறார்கள். இடையில் இரண்டு நாள் தவறவும் விடுகிறார்கள். அதனால் எழுதுபவர் எல்லாவற்றையும் வசனத்தில் சொல்கிறார், நேற்று நடந்ததை இன்றும் ஒருவர் வாயால் சொல்ல வைக்கிறார். அந்த வடிவத்துக்கு அது தேவை. அதே பழக்கத்தைப் பத்து நிமிடக் குறும்படத்துக்குக் கொண்டுவந்தால், முதல் மூன்று நிமிடம் முன்கதை சொல்வதிலேயே போய்விடும்.

எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. விளம்பரத்துக்கு முன் எந்தக் கேள்வியை விட்டுப் போகிறார்கள், திரும்பி வந்ததும் அதற்கு எத்தனை வினாடிக்குள் பதில் வருகிறது, அல்லது எப்படித் தள்ளிப்போடுகிறார்கள் என்று ஒரு கிழமை குறித்துப் பாருங்கள். ஆர்வத்தை இழுத்துப் பிடிக்கும் கைப்பழக்கம் அதில் இருக்கிறது. இணையத் தொடர் என்றால் முதல் அத்தியாயத்தை மட்டும் மூன்று தடவை பாருங்கள்: எத்தனை பாத்திரம் அறிமுகமாகிறது, ஒவ்வொன்றும் எந்தச் செயலால் மனதில் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

மூன்று அங்கம், இடைவேளை என்றெல்லாம் சொல்கிறார்களே?

மூன்று அங்கம் என்பது கதையைத் தொடக்கம், நடு, முடிவு என்று பிரிப்பது. பட்டியல் கையில் இருந்தால் இதற்கு அதிகம் குழம்ப வேண்டாம். நாயகரால் இனிப் பழைய வாழ்க்கைக்குத் திரும்ப முடியாது என்ற முதல் காட்சியைத் தேடி வட்டமிடுங்கள். இடைவேளைக்கு முந்திய காட்சியில் என்ன தலைகீழாகிறது என்று பாருங்கள். எல்லாம் கைவிட்டுப் போனது போலிருக்கும் இடத்தைக் குறியுங்கள். மூன்றுக்கும் நேரத்தைப் போட்டு, முழு நீளத்தில் எத்தனை சதவீதம் என்று கணக்கிடுங்கள். ஐந்து படத்துக்குச் செய்தால் அளவு உங்கள் கைக்குள் வந்துவிடும்.

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு தமிழுக்குப் பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. ஆங்கிலத்தில் கூரியர் எழுத்துரு, 12 புள்ளி அளவு, குறிப்பிட்ட ஓர இடைவெளி என்ற அமைப்பில் பிறந்த கணக்கு அது. தமிழ்ச் சொல் நீளம், எழுத்தும் அகலம், எழுத்துருவுக்கு எழுத்துரு அளவும் மாறும். உங்கள் அளவை நீங்களே எடுங்கள்: வசனமும் செயலும் கலந்த ஆறு நிமிடப் பகுதியைப் படத்திலிருந்து உங்கள் அமைப்பில் எழுதி, பக்கத்தை எண்ணுங்கள். எட்டுப் பக்கம் வந்தால், உங்கள் பிரதியில் நிமிடத்துக்கு ஒன்றேகால் பக்கத்துக்குச் சற்று மேல். பிறகு எழுத்துருவையும் ஓரத்தையும் மாற்றாதீர்கள், மாற்றினால் கணக்கு உடைந்துவிடும். தமிழில் நேரடியாகத் தட்டச்சு செய்ய ஸ்க்ரைட் என்ற மென்பொருள் இருக்கிறது. சாதாரண ஆவணக் கோப்பும் காணும்.

மொழி தெரியாத படங்களைப் பார்ப்பது?

அவசியம் பாருங்கள். முதலில் சப்டைட்டில் இல்லாமல் இருபது நிமிடம், பிறகு அதே இருபது நிமிடம் சப்டைட்டிலோடு. முதலில் விளங்கியதற்கும் பிறகு விளங்கியதற்கும் உள்ள இடைவெளி எவ்வளவு சிறியது என்பதில் அந்த எழுத்தாளரின் திறமை தெரியும்.

பார்த்ததை எடுத்து எழுதினால் களவு ஆகாதா?

சம்பவத்தையும் வசனத்தையும் எடுத்தால் களவுதான். காட்சி செய்யும் வேலையை எடுக்கலாம். “ஒருவர் செய்யும் உபகாரமே மற்றவரின் வாயை அடைக்கிறது” என்பது வேலை. அதைக் கரைவலைக்கும் வைக்கலாம், கல்யாண வீட்டுக்கும் வைக்கலாம், கச்சேரி அலுவலக வரிசைக்கும் வைக்கலாம். பட்டியலில் இருந்து ஒரு வரியை எடுத்து, ஆட்களையும் இடத்தையும் தொழிலையும் உறவையும் மாற்றுங்கள். நாலும் மாறியபின்னும் காட்சி நின்றால் அது உங்களுடையது.

திருகோணமலையிலேயே எடுக்கப்போகும் படத்துக்கு எழுதும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

படங்களில் கண்ட கடலை எழுதாமல் முன்னால் இருக்கும் கடலை எழுதுங்கள். உப்புவெளி, நிலாவெளிக் கரைகள் கிழக்கைப் பார்த்தவை. அங்கே சூரியன் கடலில் எழும், கடலில் மறையாது. நீர்மேல் மாலைச் சூரியன் வேண்டுமென்றால் காட்சியை உட்துறைமுகப் பக்கம் கொண்டு போங்கள்.

கடற்கரைக் காற்றில் வசனம் சுத்தமாகப் பதிவாகாது. பலருடைய படம் பழுதாவது இங்கேதான். மனம்விட்டுக் கதைக்கும் நீண்ட காட்சியைச் சுவருக்குள்ளோ நிறுத்திய ஓட்டோவுக்குள்ளோ வையுங்கள், கரையில் செயலை வையுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. அந்த மாதங்களில் எடுக்கும் கதைக்குள் மழையையும் எழுதிவிடுவது புத்தி.

கோணேசர் கோயிலுக்குப் போகும் வழி பிரட்ரிக் கோட்டைக்குள்ளால் போகிறது, அங்கே இராணுவ முகாமும் உண்டு. துறைமுகப் பக்கம் கடற்படை. அனுமதி கிடைக்காவிட்டால் கதை படுத்துவிடாத மாதிரி அத்தகைய இடங்களுக்கு மாற்று இடத்தையும் யோசித்து எழுதுங்கள். ட்ரோன் ஷொட் எழுதினால் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். கோட்டைக்குள் திரியும் மான்கள் அழகுதான், ஆனால் பிரதியில் எழுதிய நேரத்துக்கு வந்து நிற்காது.

பழைய காலக் கதையா? 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்தது 2009இல். அதற்கு முன் நடக்கும் கதையில் கிண்ணியாவுக்குப் போகிறவர் நீரைக் கடத்திவிடும் படகுப் பாதைக்குக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பே ஒரு காட்சி: அவசரத்தில் இருப்பவரும், அவர் முகம் பார்க்க விரும்பாத ஒருவரும் ஒரே துறையில் நிற்கிறார்கள்.

குழுவாகப் பார்ப்பது நல்லதா?

நாலைந்து பேர் என்றால் நல்லது. பட்டியலை ஒவ்வொருவரும் தனியாகப் போட்டுக்கொண்டு வந்து, “என்ன மாறியது” என்ற இடத்தை மட்டும் ஒப்பிடுங்கள். “படம் நல்லமா கூடாதா” என்று தொடங்கினால் மாலை முழுக்க அதிலேயே போய்விடும்.

எத்தனை படம் படித்தபின் எழுதத் தொடங்கலாம்?

மூன்றாவது பட்டியல் முடிந்த கிழமையே. இரண்டு பேர், ஒரு இடம், ஐந்து பக்கம். ஒருவருக்கு மற்றவரிடமிருந்து ஏதோ வேண்டும், அதை அவர் கடைசிவரை வாய்விட்டுக் கேட்கக் கூடாது. எழுதி முடித்து மூன்று நாள் தொடாமல் வையுங்கள். பிறகு உங்கள் பிரதிக்கே காட்சிப் பட்டியல் போடுங்கள். வெறுமையாக விழும் இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம், திருத்தம் அந்த வட்டத்திலிருந்து.